காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாய் எங்களிடம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அன்பை எப்படிக் காட்டுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பெண் நாய், வந்து மூன்று வாரம் ஆகிறது. பிள்ளைகள் கட்டிப்பிடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை, சாப்பிட்டதும் முற்றத்து மூலையில் போய்ப் படுத்துவிடுகிறது. இதற்குப் பாசமே வராதா என்று கேட்கிறீர்கள்.

வரும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வீட்டில் எல்லாரும் அதன் பின்னாலேயே போய்க் கொஞ்சுகிறீர்கள் என்று தெரிகிறது. முதலில் அதை நிறுத்துங்கள். கிட்டே வருவதும் விலகிப் போவதும் நாயின் விருப்பமாக இருக்கட்டும். எழுந்து போனால் யாரும் பின்தொடர மாட்டார்கள் என்று நம்பிய பிறகுதான் அது தைரியமாகக் கிட்டே வரும். மூன்று வாரம் குறைந்த காலம். புது வீடு தன் வீடு என்று ஆகப் பல நாய்களுக்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

தொடுவதை இப்படிப் பழக்குங்கள். நாய்க்கு நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள். கையை அதன் மூக்குக்கு நேரே நீட்டாமல் தொடைமேல் வைத்திருங்கள். அதுவாக வந்து மோந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றால், நெஞ்சையோ காதுக்குக் கீழே கழுத்தின் பக்கத்தையோ மூன்று விநாடி மெதுவாக நீவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இப்போது பதில் அதனிடமிருந்து வர வேண்டும். உடலைச் சாய்த்தாலோ மூக்கால் கையை முட்டினாலோ இன்னும் மூன்று விநாடி நீவலாம். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை போலத் தெரிவது, எல்லாமே போதும் என்பதற்கான அடையாளங்கள். உடல் விறைத்து அசையாமல் நின்றாலும் போதும் என்றுதான் பொருள். இதைத்தான் பலர் சம்மதம் என்று நினைத்துவிடுகிறார்கள். மல்லாந்து வயிற்றைக் காட்டினாலும் அவசரப்படாதீர்கள். உடல் குழைந்து வாய் தளர்ந்திருந்தால் தடவச் சொல்கிறது. வாலை ஒடுக்கி வாயை இறுக்கியிருந்தால், விட்டுவிடுங்கள் என்கிறது.

பிள்ளைகளுக்கு நான்கு கட்டுப்பாடு போதும்: கட்டிப்பிடிக்கக் கூடாது, தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுவரக் கூடாது, தூங்கும்போதும் தின்னும்போதும் தொடக் கூடாது, மூலைக்குப் போன நாயைத் தேடிப் போகக் கூடாது. அந்த மூலை அதற்குத் தேவை. அங்கே ஒரு பழைய போர்வையைப் போட்டுக் கொடுங்கள்.

கண்ணோடு கண் பார்ப்பது பற்றி ஒன்று. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டபோது இருவர் உடலிலும் பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. ஆனால் அவை ஏற்கெனவே பழகிய நாய்கள். புது நாயை உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். அது தானாகப் பார்க்கும்போது இமையை மெதுவாகத் தாழ்த்தி முகத்தைச் சற்றே திருப்புங்கள்.

அடுத்தது சாப்பாடு. தினசரி அளவில் கால் பங்கைத் தட்டில் போடாமல் எடுத்து வைத்து, நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கையால் கொடுங்கள். கையருகே வரவே பயந்தால் முதலில் ஒரு மீட்டர் தள்ளிப் போட்டு, நாளடைவில் தூரத்தைக் குறையுங்கள். பயிற்சிக்கு உப்பும் மசாலாவும் போடாமல் அவித்த கோழிக்கறி போதும். ஒரு துண்டு பட்டாணி அளவுதான் இருக்க வேண்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் இந்தக் கோழிக்கறி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நாய் கொழுக்கும்.

பாசத்தில் நம் வீட்டுச் சாப்பாட்டைக் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. கறிக் குழம்பிலும் பிரியாணியிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூசைக்குச் செய்யும் சோஜி என்ற ரவை இனிப்பில் உலர்ந்த திராட்சை இருந்தால் ஒரு வாய்கூட வேண்டாம், சிறுநீரகம் பழுதாகலாம். மக்கடேமியா கொட்டை தின்றால் பின்னங்கால்கள் துவண்டுவிடும். பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சியில் உப்பு அதிகம். பிராய் (கறியைத் தணலில் சுடும் விருந்து) முடிந்து மிஞ்சும் எலும்புகள் வெந்தவை, பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். தின்று முடித்த மீலி, அதாவது மக்காச்சோளக் கதிரின் தக்கையை நாய் துண்டாக விழுங்கினால் குடல் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும். குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் கொடுப்பதானால் புட்டியில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயர் எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நாய்க்கு அது விஷம்.

கூப்பிட்டால் வராததற்குப் பெரும்பாலும் காரணம் எளியது. ஒருவர் "வா" என்கிறார், பிள்ளைகள் "கம்" என்கிறார்கள், வீட்டு வேலைக்கு வருபவர் சுலு மொழியில் "வோசா" என்கிறார். எதையாவது ஒன்றை முடிவுசெய்து எல்லாரும் அதையே சொல்லுங்கள். முதலில் வீட்டுக்குள் இரண்டு அடி தூரத்திலிருந்து ஒரே முறை சொல்லுங்கள். வந்ததும், ஒரு விநாடிக்குள், கோழித் துண்டு. தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரியாது. மூன்று நிமிடப் பயிற்சி, நாளுக்கு இரண்டு வேளை. இந்தச் சொல்லால் கூப்பிட்டுக் குளிப்பாட்டவோ, திட்டவோ, கட்டிப்போடவோ கூடாது. அப்படி ஒரு முறை செய்தாலே, பயந்த நாய் அடுத்த தடவை யோசிக்கும்.

டர்பனில் நாய்க்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அன்பு எது என்று கேட்டால், தினமும் மாலையில் உண்ணி பார்ப்பது என்பேன். இங்கே பிலியரி என்று சொல்கிறோமே, அது உண்ணி பரப்பும் பபேசியா என்ற ஒட்டுண்ணியால் வருவது, சில நாட்களிலேயே நாயைக் கொன்றுவிடக்கூடும். காதின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், கக்கம், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலடி, இவற்றில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கோழித் துண்டு. முதல் வாரம் கழுத்தும் நெஞ்சும் மட்டும் போதும். பாதத்தைப் பல நாய்கள் விரும்பாது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உண்ணி இருந்தால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்ற வேண்டாம். ஈறு வெளுத்திருந்தால், சோர்ந்து சாப்பிடாமல் கிடந்தால், சிறுநீர் சிவந்தோ கறுத்தோ போனால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உண்ணி மருந்தும் தவறாமல் கொடுத்து வர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி இங்கே சட்டப்படி கட்டாயம். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் நாய்களிடம் இருப்பதால், காப்பகம் தந்த அட்டையில் அடுத்த தேதியைப் பாருங்கள்.

நடைக்குப் போகும்போது நாய் மோந்து பார்க்க வேண்டும். வேகமாக ஒரு மணி நேரம் இழுத்துப் போவதைவிட, மார்புப் பட்டையும் ஐந்து மீட்டர் வாரும் போட்டு இருபது நிமிடம் அது காட்டும் வழியில் போவது நல்லது. கோடையில் காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வெர்வெட் குரங்குகள் வரும் பகுதியில் வாரை விடவே வேண்டாம். துரத்தும் நாயைக் குரங்கு ஆழமாகக் கடித்துவிடும்.

வீட்டுக்குள் கொஞ்சினால் காவல் காக்காது என்று நம் ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள். புது ஆளைக் கண்டு குரைப்பது வீட்டோடு ஒட்டிய நாய்க்கும் இயல்பாக வரும். இரவும் பகலும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குப் பயமும் எரிச்சலும்தான் வளரும். தேவையின்றிக் கட்டிப்போடுவது தென்னாப்பிரிக்காவின் 1962ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மாலையில் குடும்பம் உட்காரும் அறையில் அதற்கும் ஒரு பாய் இருக்கட்டும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா கூட இருந்தாலே போதும்.

வெடிச் சத்தம் வரும் நாட்களுக்கு முன்பே தயாராகுங்கள். தீபாவளியும் நவம்பர் 5இல் வெடி வெடிக்கும் கை ஃபாக்ஸ் இரவும் சில ஆண்டுகளில் ஒரே வாரத்தில் வந்துவிடும், பிறகு புத்தாண்டு இரவு. இருட்டுமுன் நடைக்குக் கூட்டிப் போய் வந்து, சன்னலை மூடித் திரையை இழுத்து, வானொலியைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பயந்த நாயைத் தேற்றினால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. அது உங்களிடம் ஒண்டினால் ஒண்டவிடுங்கள். நடுங்கி, எச்சில் ஒழுகும் அளவுக்குப் பயந்தால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்து வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடலை மட்டும் தளர்த்தும் மயக்க மருந்து பயத்தை அப்படியே விட்டுவிடும். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும், வெடிக்குப் பயந்து வேலி தாண்டும் நாய்கள் அதிகம்.

உறுமினால் திட்டாதீர்கள். திட்டினால் உறுமலை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் பழகும். கையை எடுத்து, எங்கே தொட்டபோது உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தைத் தொடும்போதெல்லாம் உறுமினால், காதில் சீழோ பல்லில் வலியோ மூட்டில் அடியோ இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்த பிறகு தொட்டுப் பழக்குவதைத் தொடருங்கள்.