பூட்டிய கதவுகளும் ரசிகர் வெறியும்

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கால்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம். கொச்சிக்குப் போய் நண்பர்களோடு கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மேட்ச் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சரி போய் வரட்டும் என்றுதான் இருந்தேன். அப்புறம் 2022இல் இந்தோனேசிய ஸ்டேடியத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்த வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. அதிலிருந்து மனசு பதைக்கிறது. ஒரு பந்துக்காக மனிதன் மனிதனை மிதித்துக் கொல்வானா? என் கணவர், "கூட்டம் சேர்ந்தால் மனுஷன் மிருகம்தான். எதிரணி ரசிகர்களை உள்ளேயே விடக்கூடாது, போலீஸ் கையைக் கட்டிப்போடக் கூடாது" என்கிறார். நீங்கள் கால்பந்து பற்றி நிறைய எழுதுகிறீர்கள். இந்த வெறி எங்கிருந்து வருகிறது? பையனை அனுப்பலாமா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

பையனை அனுப்புங்கள். உள்ளே போனதும் வெளியே வரும் வழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேட்ச் முடிந்தவுடன் முண்டியடித்து வெளியே ஓடிவராமல் கொஞ்ச நேரம் இருக்கையிலேயே இருந்துவிட்டு வரட்டும். நெரிசலில் மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு விட அந்த இடைவெளி வேண்டும். தள்ளுகிற கூட்டத்தை எதிர்த்து நிற்காமல் அதன் போக்கிலேயே நகர்ந்து ஓரமாக ஒதுங்க வேண்டும். செருப்பு கழன்றாலும் போன் விழுந்தாலும் குனியவே கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும், சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வரட்டும்.

உங்கள் மற்ற கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த வீடியோ கிழக்கு ஜாவாவில் மாலாங் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் எடுத்தது. 2022 அக்டோபர் 1, சனிக்கிழமை இரவு. அரேமா அணிக்கும் சுரபயா நகரத்தின் பெர்செபாயா அணிக்கும் மேட்ச். இரண்டும் பரம வைரிகள். அதனால் உங்கள் கணவர் சொல்கிற ஏற்பாட்டைத்தான் அன்று செய்திருந்தார்கள். பெர்செபாயா ரசிகர்களுக்கு அனுமதியே இல்லை. கேலரி முழுக்க அரேமா ரசிகர்கள். செத்த 135 பேரில் எதிரணி ரசிகர்களின் கையால் செத்தவர் என்று ஒருவரும் கிடையாது.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மேட்ச்சைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளூர் போலீஸ் முன்கூட்டியே கேட்டிருந்தது. டிவி ஒளிபரப்பை முன்னிட்டு இரவிலேயே நடத்தினார்கள். 38 ஆயிரம் பேருக்கான இடத்துக்கு 42 ஆயிரம் டிக்கெட் விற்றார்கள். அரேமா 2-3 என்று தோற்றது. சொந்த மைதானத்தில் பெர்செபாயாவிடம் அவர்கள் தோற்றது 23 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. மேட்ச் முடிந்ததும் ரசிகர்கள் வேலியேறிக் குதித்து ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள். சிலர் தங்கள் ஆட்டக்காரர்களைக் கட்டிப்பிடிக்க, சிலர் திட்ட, சிலர் கையில் கிடைத்ததை வீச. போலீஸ் வண்டிகளைக் கொளுத்தினார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர் போலீஸ்காரர்கள். இதையெல்லாம் நான் மறைக்கவோ நியாயப்படுத்தவோ மாட்டேன்.

ஆனால் புகைக்குண்டு விழும் வரை அது ஒரு கலவரம் மட்டுமே. பெருஞ்சாவு அடுத்து வந்தது. போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டது. களத்தில் இருந்தவர்களை நோக்கி மட்டும் இல்லை, கேலரிகளுக்குள்ளும். ஆடுகளத்தின் ஓரம் நிற்கும் காவலர்கள் கூட்டத்தைக் கலைக்கும் புகையைக் கையில் வைத்திருக்கவே கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி. அது ஏன் என்று அன்று தெற்கு கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தால் புரியும். அவர்கள் களத்தில் இறங்கவில்லை. குடும்பத்தோடு, குழந்தையோடு வந்தவர்கள். தலைக்கு மேலே புகை வந்து விழுகிறது, கண் எரிகிறது, குழந்தை இருமுகிறது. இருப்பது ஒரே வழி, கீழே இறங்கும் செங்குத்தான படிக்கட்டு. அதன் முடிவில் இரும்புக் கதவு. சில கதவுகள் பூட்டியிருந்தன, சிலவற்றில் ஒரு நேரத்தில் ஒருவர் இருவர் நுழையும் அளவுக்கே திறப்பு. மேட்ச் முடிவதற்கு முன்பே கதவைத் திறந்துவைத்து அங்கேயே நிற்கவேண்டிய ஊழியர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்று தேசிய போலீஸ் தலைவரே பிறகு சொன்னார். 13ஆம் எண் கதவில்தான் கொடுமை அதிகம். படியின் மேலே இருப்பவருக்குக் கீழே கதவு பூட்டியிருப்பது தெரியாது. பின்னால் புகை இருக்கிறது, முன்னால் வழி இருக்கிறது என்று நம்பி இறங்குகிறார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆயிரம் பேர். இறந்தவர்களில் 30க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

"மிதித்துக் கொல்வானா" என்று கேட்டீர்கள். நெரிசல் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபட்டு நேர்வதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் வந்துவிட்டால் அதற்கு மேல் யாராலும் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையாக அசையத் தொடங்கிவிடும். முன்னால் இருப்பவரின் நெஞ்சு நாலு பக்கமும் அழுத்தப்படுகிறது. வெளியே விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க விலா எலும்பு விரிய வேண்டும், அது விரிய இடம் கிடைப்பதில்லை. நின்றபடியே மயங்கி, நின்றபடியே செத்துப்போகிறார்கள். இரும்புத் தடுப்புகளையே வளைத்துவிடும் அந்த அழுத்தத்தை யாரும் வேண்டுமென்று தரவில்லை. பின்வரிசைக்காரர் ஒவ்வொருவரும் தருவது சின்னத் தள்ளல்தான். அவர்களுக்குக் கொலைவெறி எதுவும் தேவையில்லை, முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தாலே போதும்.

இது புதிதும் இல்லை. 1964 மே 24, பெரு நாட்டின் தலைநகர் லிமா. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெரு அடித்த கோலை ரெஃப்ரி செல்லாது என்றார். களத்துக்குள் ஓடிவந்தவர்கள் இரண்டே பேர். போலீஸ் அவர்களை அடித்த விதத்தைப் பார்த்துக் கூட்டம் கொந்தளித்தது, கேலரிக்குள் புகைக்குண்டு விழுந்தது, ஜனங்கள் படிக்கட்டுச் சுரங்கங்களில் இறங்கி ஓடினார்கள். கீழே இரும்புக் கதவுகள் மூடிக்கிடந்தன. அரசுக் கணக்குப்படியே 328 பேர். 2001இல் கானாவின் அக்ரா நகரத்திலும் இதே வரிசைதான்: கலாட்டா, புகை, பூட்டிய கதவு, 120க்கும் மேற்பட்ட உயிர்கள். லிமாவுக்கும் மாலாங்குக்கும் நடுவே 58 ஆண்டுகள். இத்தனை பேரைப் பலிகொடுத்த பிறகும் கதவைத் திறந்துவைக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

அதனால்தான் "கூட்டம் சேர்ந்தால் மிருகம்" என்ற பேச்சு எனக்கு ஆகாது. உங்கள் கணவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சு யாருக்குப் பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில், நின்று பார்ப்பவர்களுக்கான கம்பிவேலிக் கூண்டுக்குள் லிவர்பூல் அணியின் ரசிகர்கள் நசுங்கினார்கள். காயத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்தவரையும் சேர்த்து 97 பேர். நிரம்பி வழிந்த கூண்டுக்கே மேலும் ஜனங்களை அனுப்பியது போலீஸ் எடுத்த முடிவு. வெளிக்கதவைத் திறக்க உத்தரவிட்ட அதிகாரியே ரசிகர்கள் அதை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததாகப் பொய் சொன்னார். நான்காம் நாள் சன் பத்திரிகை, குடிகார ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. அத்தனையும் பொய். 164 போலீஸ்காரர்களின் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது 2012இல் வெளிவந்தது. இவை சட்டவிரோதமான கொலைகள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று ஜூரி சொன்னது 2016இல். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், அவன் குடித்துவிட்டுக் கலாட்டா செய்து சாகவில்லை என்று நிரூபிக்க 27 ஆண்டுகள் அலைந்தார்கள். பலர் அந்தத் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை.

2022இல் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியிலும் அதே பாட்டு. ஸ்டேடிய வாசலில் நெரிசல் முற்றியது, லிவர்பூல் ரசிகர்கள் மேல் புகை அடித்தார்கள், பழியையும் அவர்கள் மேலேயே போட்டார்கள். முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவுக்குத்தான் என்று அடுத்த ஆண்டு விசாரணைக் குழு சொன்னது. உயிர்ச்சேதம் நேராமல் காத்ததில் ரசிகர்களின் நிதானத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொன்னது. கூட்டத்தில் ஹில்ஸ்பரோவில் பிழைத்தவர்களும் இருந்தார்கள்.

ரசிகர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் ஸ்டேடியத்தில் லிவர்பூல் ரசிகர்கள்தான் எதிரணியான இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள் பக்கம் பாய்ந்தார்கள். பயந்து ஓடியவர்கள் ஒரு சுவரில் ஒடுங்கினார்கள், சுவர் விழுந்தது, 39 பேர் இறந்தார்கள். 14 ரசிகர்கள் தண்டனை பெற்றார்கள், அது சரியான தண்டனை. 2018இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகர ஸ்டேடியத்துக்கு வெளியே ஜகார்த்தா அணியின் ரசிகரான 23 வயது இளைஞரை அந்த ஊர் அணியான பெர்சிப்பின் ரசிகர்கள் சூழ்ந்து அடித்தே கொன்றார்கள். அதற்கு எந்தக் கதவையும் காரணம் சொல்ல முடியாது. 2012இல் எகிப்தின் போர்ட் சயீதில் ஜெயித்த அணியின் ரசிகர்களே தோற்ற அல் ஆலி ரசிகர்களைக் கத்தியும் கட்டையுமாகத் தாக்கினார்கள். 70க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அங்கும்கூட ஸ்டேடியத்தின் விளக்குகள் அணைந்தன, ஆலி ரசிகர்கள் தப்பி ஓடிய வழியின் கதவு பூட்டியிருந்தது, போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. எகிப்தை ஆண்ட முபாரக்குக்கு எதிரான போராட்டத்தில் முன்வரிசையில் நின்றதற்காகத் தங்களைப் போலீஸ் பழிவாங்கியது என்றே ஆலி ரசிகர்கள் நம்புகிறார்கள். கொன்றவன் கொலைகாரன்தான். ஆனால் அவனைக் காட்டிவிட்டுக் கதவைப் பூட்டியவன் நழுவிவிடக் கூடாது.

மாலாங்கில் அப்படித்தான் நழுவப் பார்த்தார்கள். சாவுக்குக் காரணம் மூச்சுத்திணறல், கண்ணீர்ப்புகை இல்லை என்று போலீஸ் தரப்பு பேசியது. அந்த மூச்சுத்திணறல் எதனால் வந்தது? விசாரணை நடந்த சுரபயா நீதிமன்றத்தில் போலீஸ்காரர்கள் கூட்டமாக வந்து தங்கள் படையின் பெயரைக் கோஷம் போட்டார்கள். 2023 மார்ச்சில் போட்டி அமைப்பாளர் ஒருவருக்கு ஒன்றரை ஆண்டு, பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு ஓராண்டு, ஒரு போலீஸ் அதிகாரிக்கு ஒன்றரை ஆண்டு. இன்னும் இரண்டு போலீஸ் அதிகாரிகளை விடுவித்தார்கள். காற்று புகையைக் களத்தின் நடுப்பக்கம் தள்ளிவிட்டது என்பது அதில் ஒருவரை விடுவிக்க நீதிபதி சொன்ன காரணம். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இருவருக்கும் இரண்டு, இரண்டரை ஆண்டு சிறை கொடுத்தது. 135 உயிர்களுக்கு இவ்வளவுதான்.

போலீஸின் கையைக் கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. 2004 யூரோ கோப்பை போர்ச்சுகலில் நடந்தபோது, இங்கிலாந்து ரசிகர்களின் முரட்டுத்தனம் உலகமே அறிந்தது. கிளிஃபோர்ட் ஸ்டாட் போன்ற சமூக உளவியல் ஆய்வாளர்களின் யோசனையைக் கேட்டு, மேட்ச் நடந்த நகரங்களில் போலீஸ் கலவரத் தடுப்பு உடையை மறைவாக வைத்துக்கொண்டு, சாதாரண உடுப்பில் ரசிகர்களோடு பேசிப் பழகியது. பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. வேறொரு காவல் படையின் பொறுப்பில், பழைய பாணியில் இருந்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில் அதே இங்கிலாந்து ரசிகர்களோடு மோதல் வெடித்தது. ஆட்கள் மாறவில்லை, அவர்களை நடத்திய முறை மாறியது.

எதிரணி ரசிகர்களைத் தடுப்பதைப் பொறுத்தவரை, அர்ஜென்டினா 2013இல் அதைச் செய்தது. அந்தத் தடைக்கு உடனடிக் காரணமாக இருந்தது லா பிளாட்டா நகரத்தில் ஒரு ரசிகரின் சாவு. அவரைக் கொன்றது எதிரணிக்காரர் இல்லை, போலீஸ் சுட்ட ரப்பர் குண்டு.

நம் நாட்டில் இந்த விஷயத்தை நன்றாகத் தெரிந்த ஊர் கல்கத்தா. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் டெர்பி, அதாவது ஒரே ஊரின் இரண்டு பரம வைரிகள் மோதும் மேட்ச். களத்தில் ஒரு ஃபவுல், இரண்டு பேர் வெளியேற்றம், கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்த இரு தரப்பும் அடித்துக்கொண்டு ஓட, 16 பேர் இறந்தார்கள். அந்த நாளை வங்காளத்தில் கால்பந்து ரசிகர் தினமாக வைத்து ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொந்தளிப்பின் நடுவே, போதிய பாதுகாப்பு தர முடியாது என்று டெர்பியை ரத்து செய்தார்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்று அணிகளின் ரசிகர்களும் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டு அந்த மருத்துவருக்கு நீதி கேட்டார்கள். போலீஸ் லத்தியோடு வந்தபோது ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் கணவருக்கு அந்தப் படங்களைத் தேடிக் காட்டுங்கள், அப்புறம் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.