கார் ரேடியோவுக்கு மாதச் சந்தா கட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். புதிதாக வாங்கிய காரில் சிரியஸ் எக்ஸ்எம் சேட்டிலைட் ரேடியோ (செயற்கைக்கோள் வழியாக வரும் கட்டண ரேடியோ) 3 மாதம் இலவசமாக வந்தது. அது முடியப்போகிறது. மாதம் 5 டாலர் வீதம் ஓராண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தபாலிலும் ஈமெயிலிலும் விடாமல் கேட்கிறார்கள். ஓராண்டு முடிந்தால் மாதம் 20 டாலராம். என் கணவருக்கு ஆபீஸ் போக 25 நிமிடம், வர 25 நிமிடம். போனில் பாட்டு கேட்கக் குடும்பத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கிரெடிட் கார்டில் 2,400 டாலர் பாக்கி நிற்கிறது, வட்டி 24 சதவீதம். மாதம் 100 டாலர் கட்டி வருகிறோம். “5 டாலர்தானே” என்கிறார் அவர். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இலவச மாதங்கள் முடியட்டும், விட்டுவிடுங்கள். கார்டு பாக்கி தீர்ந்த பிறகும் உங்கள் கணவருக்கு அந்த ரேடியோ நிஜமாகவே வேண்டியிருந்தால், அப்போது சலுகை விலையில் எடுத்துக்கொள்ளலாம். முழு விலையில் மட்டும், நீங்கள் சொல்லும் பயண அளவுக்கு, எப்போதுமே வேண்டாம்.

முதலில் அந்த 5 டாலரைப் பார்ப்போம். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது அடிப்படை விலை. இசை சேனல்கள் உள்ள திட்டம் என்றால் அதன்மேல் இசை ராயல்டி (பாட்டை ஒலிபரப்ப அதன் உரிமையாளர்களுக்குத் தரும் தொகை) கட்டணம் என்று ஒன்று ஏறும். அது அடிப்படை விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வரும். பெயரைப் பார்த்து அரசாங்க வரி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வரி அல்ல, கம்பெனி வசூலிக்கும் தொகை. அமெரிக்கச் சட்டப்படி சாதாரண ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாடகருக்கும் ரெக்கார்டு கம்பெனிக்கும் ஒலிப்பதிவுக்கான ராயல்டி தருவதில்லை. சேட்டிலைட் ரேடியோ தர வேண்டும். 2018 முதல் அந்த விகிதம் வருமானத்தில் 15.5 சதவீதம். அந்தச் செலவைத்தான் பில்லில் தனியாகக் காட்டி உங்களிடம் வாங்குகிறார்கள். இதற்கும் மேலே, உங்கள் மாநிலத்தைப் பொறுத்து விற்பனை வரி.

ஆக, சலுகை ஆண்டின் 60 டாலர் ராயல்டி சேர்ந்ததும் 72 டாலர் ஆகும். வரியும் சேர்த்தால் 77 டாலர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இது பெரிய தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 13வது மாதம் 20 டாலர், ராயல்டியோடு 24, வரியோடு ஏறக்குறைய 26 என்று பில் வரும். யாரும் போன் பண்ணிக் கேட்க மாட்டார்கள். கார்டிலிருந்து தானாகப் போகும். ஆண்டுக்கு 312 டாலர். இந்தச் சந்தாவில் குடும்பங்கள் பணத்தை விடுவது 5 டாலரில் இல்லை, இந்த 13வது மாதத்தில்தான்.

அந்த 26 டாலரை உங்கள் கார்டு பாக்கியோடு சேர்த்துப் பாருங்கள். 2,400 டாலர், ஆண்டுக்கு 24 சதவீதம், அதாவது மாதம் 2 சதவீதம். முதல் மாதம் வட்டி மட்டுமே 48 டாலர். மாதம் 100 டாலர் கட்டிவந்தால், புதிதாக எதுவும் தேய்க்காமல் இருந்தாலே, தீர 33 மாதம் ஆகும். வட்டியாகப் போவது 900 டாலர். அதையே 126 டாலராகக் கட்டினால் 24 மாதத்தைக் கொஞ்சம் தாண்டியதும் கடன் தீரும், வட்டி 650 டாலர் சொச்சம்தான். 26 டாலர் வித்தியாசம் 9 மாதத்தையும் 250 டாலர் வட்டியையும் மிச்சப்படுத்துகிறது. 24 சதவீத வட்டியில் கடன் நிற்கும்போது ஒவ்வொரு சின்னச் சந்தாவுக்கும் இந்த வட்டியும் சேர்ந்த விலைதான் நீங்கள் தருவது. “5 டாலர்தானே” என்ற பேச்சு வரும்போது உங்கள் கணவரிடம் இந்த இரண்டு கணக்கையும் காட்டுங்கள்.

அடுத்து, எத்தனை மணி நேரம் கேட்பார்? தினமும் 50 நிமிடம், மாதம் 22 வேலை நாள் என்றால் 18 மணி 20 நிமிடம். கேட்க நிறையவே இருப்பது போலத் தெரியும். ஆனால் அதில் ஊருக்குப் போன் பேசுவது, செய்தி, பாட்காஸ்ட், போனிலுள்ள பாட்டு எல்லாம் கழிய வேண்டும். கழித்தால் சேட்டிலைட் சேனல் ஓடுவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான் தேறும், 6 மணி நேரம். முழு விலையில் மணிக்கு 4 டாலருக்கு மேல் ஆகிறது. கையில் ஏற்கெனவே காசு கட்டிய பாட்டுத் திட்டம் இருக்கும்போது இது நியாயமான விலை இல்லை. இலவசக் காலம் முடிவதற்குள் இரண்டு வாரம் அவரையே குறித்துவைக்கச் சொல்லுங்கள்: காரிலிருந்து இறங்கும்போது இன்று எந்த சேனல், எத்தனை நிமிடம் என்று போனில் ஒரு வரி. ஊகத்தைவிட அது நம்பகமானது.

போனில் கேட்டால் டேட்டா கரையுமே என்று சிலர் தயங்குவார்கள். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு 58 எம்பி அளவில் ஆகும். 18 மணி நேரமும் அப்படியே கேட்டாலும் ஒரு ஜிபியை ஒட்டித்தான் வரும். வீட்டு வைஃபையில் முன்னாடியே டவுன்லோடு செய்துகொண்டால் அதுவும் இல்லை. ஒலித்தரத்திலும் சேட்டிலைட் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். ஒரே அலைவரிசைக்குள் ஏராளமான சேனல்களை நெருக்கி அனுப்புவதால் ஒலியை நன்றாகவே சுருக்குகிறார்கள், பேச்சு சேனல்களை இன்னும் அதிகமாக. நல்ல ஸ்பீக்கர் உள்ள காரில் வித்தியாசம் காதுக்குத் தெரியும். தமிழ்ப் பாட்டுதான் முக்கியம் என்றால் உங்கள் குடும்பத் திட்டமே போதும். சேட்டிலைட்டில் அதை எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

அப்படியானால் இது யாருக்குத்தான் பிரயோஜனம்? செல்போன் சிக்னல் விட்டுப்போகும் சாலைகளில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு. லாரி ஓட்டுநர்கள், பல மாவட்டங்கள் சுற்றும் விற்பனைப் பணியாளர்கள், மேற்கு மாநிலங்களின் பாலைவனத்திலும் மலைப்பகுதியிலும் வாரந்தோறும் போய்வருகிறவர்கள். எஃப்எம் நிலையம் ஐம்பது அறுபது மைலில் தேய்ந்துவிடும். சேட்டிலைட் சேனல் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை மாறாமல் வரும். விளையாட்டு வர்ணனையை நேரலையில் கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் இது உதவும். ஆனால் எந்த லீக் எந்தத் திட்டத்தில் என்பது மாறிக்கொண்டே இருக்கும், மலிவான திட்டத்தில் பல இருக்காது. பணம் கட்டும் முன் சேனல் பட்டியலைத் திட்டத்தின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 60 மணி நேரம் கேட்கும் ஒருவருக்கு 26 டாலர் என்பது மணிக்கு 43 சென்ட். அவரிடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சிக்னல் எங்கும் வரும் என்பதையும் அளவோடு நம்புங்கள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்து வருவதால், அமெரிக்காவில் இருக்கும் காரின் ஆன்டெனாவுக்குத் தெற்கு வானம் தெரிய வேண்டும். தெற்குப் பக்கம் மலைச்சரிவோ உயரமான கட்டடமோ அடர்ந்த மரமோ நின்றால் விட்டுவிட்டு வரும். பெரிய நகரங்களில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் கோபுரங்களைத் தரையில் வைத்திருப்பதால் ஓரளவு சமாளிக்கும். சுரங்கப்பாதையிலும் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் நின்றுபோகும். ஹவாய்க்கும் அலாஸ்காவுக்கும் போனால் காரின் சேட்டிலைட் ரேடியோவை நம்ப முடியாது, இணையத்தில்தான் கேட்க வேண்டும். உங்கள் கணவரின் 25 நிமிடப் பாதையில் சிக்னல் எங்கெங்கே அறுகிறது என்பதை அந்த இரண்டு வாரக் குறிப்பிலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கார் வாங்கும்போதோ அதன் பிறகு போனிலோ அவர்களுக்குக் கார்டு எண் கொடுத்தீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் இலவசக் காலம் தானாக முடிந்துவிடும், எதுவும் செய்ய வேண்டாம். ஒரு டாலர் சலுகை, கூடுதல் மாதம் என்று ஏதோ ஒன்றுக்காகக் கொடுத்திருந்தால், முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ரத்து செய்யுங்கள். கணக்கைத் தேட ரேடியோ ஐடி கேட்பார்கள். பெரும்பாலான கார்களில் சேனல் 0 வைத்தால் திரையில் வரும், 8 அல்லது 12 எழுத்து நீளம் இருக்கும். அதில் ஓ, ஐ, எஸ், எஃப் ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான், ஓ அல்ல. ஐந்து போலத் தெரிவதும் ஐந்துதான், எஸ் அல்ல. இதைத் தவறாகப் படித்துவிட்டுக் கணக்கே கிடைக்கவில்லை என்று அலைவது அடிக்கடி நடக்கிறது.

ரத்து செய்வதற்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள். இதற்காகவே நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) 2023 டிசம்பரில் இந்தக் கம்பெனிமேல் வழக்குப் போட்டார். ரத்து கேட்டவர்களைப் போனில் சராசரியாக 11.5 நிமிடமும் சாட்டில் 30 நிமிடமும் பிடித்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024 நவம்பரில் நீதிமன்றம், ரத்து செய்யும் முறை எளிதாக இல்லை, இணையச் சந்தாக்களுக்கான கூட்டாட்சிச் சட்டத்தை மீறுகிறது என்று தீர்ப்புச் சொன்னது. பேசும்போது காரணம் எதுவும் விளக்க வேண்டியதில்லை. காரணம் சொன்னால் அதற்கேற்ற சலுகை ஒன்று வரும். “ரத்து செய்யுங்கள், உறுதிப்படுத்தும் எண்ணையும் ஈமெயிலையும் அனுப்புங்கள்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். சாட் என்றால் முழு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த இரண்டு ஸ்டேட்மென்டுகளைப் பாருங்கள். திரும்பவும் பணம் எடுத்திருந்தால் அந்த எண்ணோடு கார்டு கொடுத்த வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்யலாம்.

சலுகை கைநழுவிவிடும் என்ற பயம் வேண்டாம். “கடைசி வாய்ப்பு” என்று வரும் கடிதத்துக்குப் பிறகும் கடிதம் வரும். சந்தா முடிந்த ரேடியோக்களை மறுபடி பிடிக்கத்தான் அவர்கள் அதிகம் முயல்கிறார்கள், ரத்து கேட்கும்போதே விலை இறங்கி வருவதும் அதனால்தான். சந்தா இல்லாத ரேடியோக்களுக்கும் அவ்வப்போது சில நாள் இலவசமாகத் திறந்துவிடுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து நீங்களே கேட்டாலும் சலுகை ஏதாவது இருக்கும்.

கடன் தீர்ந்த பிறகு எடுப்பதாக இருந்தால் ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ராயல்டியும் வரியும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் சலுகை முடிகிறது, அதன் பிறகு மாதம் எவ்வளவு, போன் செயலியில் கேட்பதும் அடங்குமா, நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா. அன்றே போன் காலண்டரில் முடியும் தேதிக்கு 10 நாள் முன்னால் நினைவூட்டல் வைத்துவிடுங்கள், உங்கள் போனிலும் அவர் போனிலும். பேச்சும் செய்தியும் மட்டும் போதும் என்றால் இசை இல்லாத திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், ராயல்டி கட்டணம் தவிரும். இரண்டாவது காருக்கும் எடுங்கள் என்பார்கள். பொதுவாக ஒவ்வொரு காரின் ரேடியோவுக்கும் தனிச் சந்தா. செயலி அடங்கிய திட்டம் என்றால் அந்தக் காரில் போனை ப்ளூடூத்தில் இணைத்துக் கேட்டால் போதும்.

பணம் கட்டியும் சேனல்கள் திறக்காமல் இருந்தால் உடனே கஸ்டமர் கேருக்கு ஓட வேண்டாம். காரை வெட்டவெளியில் நிறுத்தி, ரேடியோவை சேட்டிலைட்டில் வைத்துவிட்டு, கம்பெனியின் தளத்தில் ரேடியோ ஐடி போட்டு ரிஃப்ரெஷ் சிக்னல் (சேனல்களைத் திறக்கும் உத்தரவு) அனுப்பச் சொல்லுங்கள். அந்த உத்தரவும் வானத்திலிருந்துதான் வந்து சேர வேண்டும், அதனால் கராஜுக்குள் நின்றால் எத்தனை முறை அனுப்பினாலும் வேலை செய்யாது. திறந்த இடத்தில் வழக்கமாகச் சில நிமிடங்களில் திறந்துகொள்ளும். திரையில் ஆன்டெனாவைச் சரிபார்க்கச் சொல்லி வந்தால் அது வயர் அல்லது ஆன்டெனா பழுது. கார் வாரன்டியில் இருக்கும்வரை டீலரிடம் காட்டுங்கள், அது சரியாகும்வரை சந்தாவை நீட்டிக்காதீர்கள்.

காரை விற்கும்போது இன்னொன்று. சந்தா உங்கள் பெயரிலும் கார்டிலும் இருக்கிறது, கார் கைமாறியதும் தானாக நிற்காது. விற்ற அன்றே ரத்து செய்யுங்கள் அல்லது புதுக் காருக்கு மாற்றச் சொல்லுங்கள்.