சிச்சுவான் உணவகத்தில் உண்ணுமுன் கேட்க வேண்டியவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் நெடுங்காலமாக நாம் அறிந்த சீனச் சமையல் பெரும்பாலும் ஹொக்கியென், தியோச்சியூ, கண்டனீஸ் மக்களுடையது. அண்மைக்காலத்தில் சிச்சுவான், ஹூனான், யுன்னான் எனச் சீனாவின் பிற வட்டாரங்களின் பெயரால் புதிய உணவகங்கள் பல திறக்கப்பட்டுள்ளன. அவை குறித்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: புதிதாகத் திறந்த ஒரு சிச்சுவான் உணவகத்தில் எங்கள் குடும்பத்தினர் ஐந்து பேர் உண்டோம். மெனுவில் உள்ளபடி கூட்டினால் நாங்கள் கேட்டு வாங்கிய உணவுக்கு 206 வெள்ளிதான் ஆகிறது. ஆனால் ரசீதில் 269.78 வெள்ளி என்று இருந்தது. இது முறையா?

பதில்: நீங்கள் அனுப்பிய ரசீதைச் சரிபார்த்தோம், கூட்டலில் பிழை இல்லை. உணவு 206 வெள்ளி, ஆளுக்கு 2.50 வீதம் தேநீர் 12.50, வேர்க்கடலை 4, ஆளுக்கு 50 காசு வீதம் கை துடைக்கும் ஈரத்துண்டு 2.50 என மொத்தம் 225 வெள்ளி. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 247.50 ஆகிறது. பொருள் சேவை வரியான 9 விழுக்காடு இந்தத் தொகையின்மீதுதான் கணக்கிடப்படுகிறது. அதாவது சேவைக் கட்டணத்துக்கும் வரி உண்டு. ஆகவே மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளை (சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதன் அடையாளம்) கண்டால் 19 விழுக்காடு கூடும் என்று எண்ணாமல், ஏறக்குறைய 20 விழுக்காடு கூடும் என்றே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: 100 வெள்ளி உணவுக்கு நீங்கள் தருவது 119.90 வெள்ளி.

கடைகள் பொதுவாக வரியை உள்ளடக்கிய விலையைத்தான் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வசூலிக்கும் உணவகங்களுக்கு இதில் விலக்கு உண்டு என்றாலும், விலையுடன் வரியும் சேவைக் கட்டணமும் சேரும் என்பதை அவை தெளிவாகத் தெரிவித்தாக வேண்டும். சேவைக் கட்டணம் அரசுக்குப் போவதன்று, அதை வசூலிக்கும்படி சட்டம் சொல்வதுமன்று. அது உணவகம் தானே வைத்துள்ள விதி. ஆனால் மெனுவில் அறிவித்திருந்து, அதைப் பார்த்தபின் நீங்கள் உணவு கேட்டிருந்தால், பிறகு மறுப்பது கடினம்.

என் மனத்தை உறுத்துவது மற்ற மூன்றும்தான். கேட்காமலேயே மேசைக்கு வந்த தேநீர், கடலை, ஈரத்துண்டு ஆகியவற்றுக்கு மட்டும், கட்டணமும் வரியும் சேர்த்து, ஏறத்தாழ 23 வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள். உபசரிப்பைப்போல் கொண்டுவந்து வைத்துவிட்டு, விலையைச் சொல்லாமல் ரசீதில் சேர்ப்பது நியாயமான வணிகம் ஆகாது என்பதே என் கருத்து. அடுத்த முறை, அமர்ந்தவுடன் அவை வேண்டாம் என்று சொல்லி, தொடாமல் திருப்பி அனுப்புங்கள்; பணம் கட்டுமுன் ரசீதை வரிவரியாகப் படித்து, பயன்படுத்தாதவற்றை நீக்கச் சொல்லுங்கள். அமைதியாகக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் மறுப்பின்றி நீக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: 28 வெள்ளி கொடுத்து வாங்கிய மிளகாய்க் கோழியில் பாதிக்கு மேல் காய்ந்த மிளகாய்தான் இருந்தது. உண்ட சற்று நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போயின. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. சொங்சிங் நகரத்துப் புகழ்பெற்ற அந்த உணவின் இயல்பே அதுதான். சிறு துண்டுகளாகப் பொரித்த கோழியை மிளகாய்க் குவியலுக்குள் தேடி எடுத்து உண்பார்கள். மிளகாய் மணத்துக்காகவே சேர்க்கப்படுகிறது. சிவந்த எண்ணெயில் மிதந்து வரும் மீனுக்கும் இது பொருந்தும்: மீனையும் காய்கறியையும் எடுத்து உண்டுவிட்டு எண்ணெயைக் கிண்ணத்திலேயே விட்டுவிட வேண்டும். நாக்கு மரத்துப்போவதற்குச் சிச்சுவான் மிளகு காரணம். அது நம் மிளகின் இனமன்று. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்த்தோல். அந்த உணர்வு சற்று நேரத்தில் தணிந்துவிடும். அது பிடிக்காதவர்கள் ஹூனான் உணவகத்தை நாடலாம். அங்கே காரம் உண்டு, மரப்பு பொதுவாக இராது. ஏமாற்றம் வேண்டாமென்றால் தட்டின் அளவைப் பார்க்காமல், அதில் கோழி எவ்வளவு இருக்கும், எத்தனை பேருக்குப் போதும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் பெற்றோர் சைவம் உண்பவர்கள், நானும் என் கணவரும் மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள். மெனுவில் தோஃபு, பீன்ஸ், கத்தரிக்காய் உணவுகளைப் பார்த்து வாங்கலாமா?

பதில்: பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம் என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். சிச்சுவான் சமையலில் காய்கறியும் இறைச்சியும் தனித்தனிப் பிரிவுகளாக நிற்பதில்லை. சிறிதளவு கொத்திறைச்சி சுவைக்காகக் காய்கறியில் சேர்வது அங்கே வழக்கம். மாப்போ தோஃபுவில் மாட்டிறைச்சிக் கொத்து சேர்ப்பதே மரபு. பன்றிக் கொத்து சேர்க்கும் இடங்களும் உண்டு. வறட்டிய பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக் கொத்து இருக்கும். மீன்மணக் கத்தரிக்காயில் பெயருக்கு மாறாக மீன் இராது, பன்றிக் கொத்து இருக்கக்கூடும். கீரை வதக்கலில்கூடச் சிப்பிச் சாறோ கோழிச் சாறோ சேரலாம்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் எளிதில் கவனிக்கத் தவறுவது ஹாட்பாட் குழம்பை, அதாவது மேசையிலேயே கொதிக்க, நாமே உணவைப் போட்டு வேகவைத்து உண்ணும் குழம்பை. சொங்சிங் முறையிலான சிவப்புக் குழம்பு மாட்டுக் கொழுப்பை அடிப்படையாகக் கொண்டது. மேலே கட்டியாக உறைவதும் அதன் தனிமணமும் அதனால்தான். ஆகவே நீங்கள் கோழியும் காளானும் மட்டுமே போட்டு வேகவைத்தாலும் உண்பது மாட்டுக் கொழுப்பில் வெந்ததாகிவிடும். தாவர எண்ணெயில் செய்த காரக் குழம்பு உண்டா என்று கேளுங்கள். பல உணவகங்களில் உண்டு. இரண்டாகப் பிரித்த பாத்திரத்தில் வரும் வெள்ளைக் குழம்பு சைவம் என்றும் எண்ணிவிட வேண்டாம். அது பெரும்பாலும் எலும்புச் சாறு. தக்காளிக் குழம்பையோ காளான் குழம்பையோ கேட்டு, அதிலும் இறைச்சிச் சாறு இல்லை என்பதை உறுதிசெய்து, உங்கள் பெற்றோருக்குத் தனிப் பாத்திரமாகவே வாங்குவது நல்லது.

"சைவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடாதீர்கள். இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, கோழிச் சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சீனப் பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. உங்கள் பெற்றோருக்கு அவை ஆகுமென்றால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். முன்பதிவு செய்யும்போதே இதை எழுத்தில் தெரிவித்துவிட்டால் சமையலறைக்கும் நேரம் கிடைக்கும், உங்களிடமும் சான்று இருக்கும்.

கேள்வி: மீனுக்கு "பருவ விலை" என்று மட்டும் போட்டிருந்தார்கள். ரசீதில் 96 வெள்ளி வந்தது. புகார் செய்யலாமா?

பதில்: உயிருள்ள மீன், நண்டு ஆகியவற்றை 100 கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கில் விற்பதே இங்கு வழக்கம். 2023இல் கிளார்க் கீ வட்டாரத்தில் ஜப்பானியச் சுற்றுப்பயணி ஒருவர் உண்ட அலாஸ்கா நண்டுக்கு மட்டும் 938 வெள்ளி வந்தது செய்தியாயிற்று; சுமார் மூன்றரைக் கிலோ நண்டுக்கு 100 கிராம் கணக்கில் வந்த தொகை அது. ஆகவே சமைக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: 100 கிராம் என்ன விலை, இந்த மீனின் எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை வெள்ளி. எடை போடுவதை நேரில் பார்ப்பதும், மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்வதும் உங்கள் உரிமைக்குள் அடங்கியவையே.

உங்கள் நிலையில், விலையை முன்கூட்டியே சொன்னார்களா என்பதைப் பொறுத்தே புகாரின் வலு அமையும். சொல்லவில்லை என்றாலோ, குறைத்துச் சொல்லிவிட்டுக் கூட்டினார்கள் என்றாலோ, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது நியாயமற்ற வணிகமாகக் கருதப்பட இடமுண்டு. முதலில் உணவக நிர்வாகத்துக்கு ரசீதின் நகலுடன் எழுதுங்கள். பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அங்கும் தீராவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. 96 வெள்ளிக்கு அதுவரை போக வேண்டியிராது என்றே நினைக்கிறேன். நாளும் நேரமும் குறிப்பிட்டு எழுதிய தெளிவான கடிதத்துக்குப் பொறுப்புள்ள உணவகம் பதில் தரும்.