ஓகஸ்டில் படுக்கை வேனில் தீவைச் சுற்றலாமா? திருகோணமலையிலிருந்து புறப்படும் குடும்பத்துக்கு

திருகோணமலை உவர்மலையில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஓகஸ்டில் மனைவி, பதினொரு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா எல்லோரோடும் ஊருக்கு வருகிறார். படுக்கை போட்ட கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, திருகோணமலையிலிருந்து கிளம்பி பத்து நாளில் தீவைச் சுற்ற ஆசை. தானே ஓட்டலாமா, இரவில் எங்கே நிறுத்துவது, அம்மாவுக்கு ரொய்லெட்டுக்கு என்ன வழி, நுவரெலியாவையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாமா, இவைதான் கேள்விகள்.

செய்யலாம், நல்ல யோசனை. ஆனால் நீங்கள் அனுப்பிய திட்டத்தில் பகலில் பார்க்கும் இடங்கள்தான் இருக்கின்றன, இரவுகள் இல்லை. கேம்பர் வேன் பயணத்தை இரவிலிருந்துதான் திட்டமிட வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு வேன் எந்த வளவுக்குள் நிற்கப் போகிறது என்பதை ஒவ்வொரு நாளுக்கும் முதலில் எழுதுங்கள், வழியும் பார்க்கும் இடங்களும் அதற்கு ஏற்ப அமைந்துவிடும். கனடாவில் இருப்பது போல தண்ணீர், கரண்ட், கழிவு ஊற்றும் இடம் எல்லாம் வைத்த வேன் தரிப்பிடங்கள் இங்கே வழிநெடுக இல்லை. கடற்கரையில் நிறுத்திப் படுக்கலாம் என்று படங்களைப் பார்த்து நினைப்பீர்கள். நிலாவெளியிலோ குச்சவெளியிலோ அந்த மணல், மீனவர்களின் வாடியும் கரைவலைப்பாடும் உள்ள இடம். விடியற்காலையில் ஆட்கள் வலை இழுக்க வரும்போது நடுவில் உங்கள் வேன் நின்றால் அவர்களுடைய தொழிலுக்கு இடைஞ்சல். அதோடு இரண்டு தொன்னைத் தாண்டும் வேன் மணலில் இறங்கினால் பின் சில்லு புதைந்து, டிராக்டர் பிடித்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

ஆகவே என் ஆலோசனை இது: ஒவ்வொரு இரவும் சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் ஒரே ஒரு அறை எடுங்கள், வேனை அதே வளவுக்குள் நிறுத்துங்கள். அம்மா அறையில் படுப்பா, கூட ஒரு பிள்ளை, மற்றவர்கள் வேனில். குளியலும் ரொய்லெட்டும் அந்த அறையிலேயே. வேனில் படுக்கும் சுகமும் இருக்கும், அம்மாவும் இரவு ஒரு மணிக்கு டோர்ச் பிடித்து வெளியே நடக்கத் தேவையில்லை. சில வேன்களில் கையோடு கொண்டுபோகும் கெமிக்கல் ரொய்லெட் இருக்கும், அதை வழியில் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காலி செய்வதானால் வீட்டு ரொய்லெட்டில்தான், அதுவும் உரிமையாளரைக் கேட்டுவிட்டு. ஒருபோதும் வாய்க்காலிலோ பற்றையிலோ ஊற்ற வேண்டாம். அறை பதிவு செய்யும்போது இணையத்தில் மட்டும் பார்த்து முடிக்காமல் போன் எடுத்து நாலு விஷயம் கேளுங்கள்: கேற் அகலம் போதுமா, உள்ளே தாழத் தொங்கும் வயரோ மாங்கிளையோ இருக்கிறதா, வெளியே ஒரு பிளக் பொயின்ற் இருக்கிறதா, தண்ணீர் பிடிக்க பைப் இருக்கிறதா. ஹைரூஃப் வேன் ஏறக்குறைய ஏழரை அடி உயரம் வரும், கூரையில் பெட்டி வைத்தால் இன்னும் கூடும். சின்ன ஒழுங்கைகளில் இடிபடுவது கூரைதான்.

அடுத்தது, எந்தப் பக்கம் போவது. ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று. கொழும்புப் பக்கமும் மலைநாட்டின் மேற்குச் சரிவும், ஹட்டன், நுவரெலியா எல்லாம் நனையும். அதே காற்று மலையைக் கடந்து இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து, காய்ந்து, சூடேறி வருகிறது. நமக்கு அடிக்கும் கச்சான் அதுதான். ஊவாப் பக்கம், அதாவது எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாம் அந்தக் காலத்தில் காற்றோட்டமாகவும் பெரும்பாலும் காய்ந்தும் இருக்கும், ஊவாத் தேயிலை பேர்பெற்றதே அந்த வறண்ட காற்று வீசும் மாதங்களில் பறிக்கும் கொழுந்தால்தான். எனவே மலை இரவுகளை நுவரெலியாவில் வைக்காமல் பண்டாரவளைப் பக்கம் வையுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், மழையும் குளிரும் சேர்ந்தால் வேனுக்குள் உள்கண்ணாடி எல்லாம் வியர்த்து, விடியும்போது போர்வை ஈரமாக இருக்கும். அதைப் பகலில் பார்த்துவிட்டுக் கடந்துவிடலாம்.

வழி இப்படி வரும். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, பாசிக்குடா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இந்தக் கரையோரப் பாதை எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பது, அதற்கு முன் ஊரைவிட்டுப் போன உங்களுக்கு ஓட்டும்போது தெரியும். முதல் நாளுக்கு இது நல்ல பாதை, சுமார் நூறு கிலோமீற்றர், சமதரை, வாகன நெரிசல் குறைவு. வேனின் கிளச், பிறேக், அகலம் எல்லாம் கைக்குப் பழக வேண்டும், அதுவும் கனடாவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு. பாசிக்குடாவில் இரண்டு இரவு. பிறகு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், அறுகம்பை. கல்முனைப் பகுதியில் வீதியோடு ஒட்டி ஊருக்கு மேல் ஊர், ஓட்டோவும் சைக்கிளும் மாடும், நேரம் போகும். ஓகஸ்ட் அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம், கூட்டம் அதிகம், அறையை முன்கூட்டியே பிடியுங்கள். அங்கும் இரண்டு இரவு. அங்கிருந்து லகுகல, மொனராகல, வெல்லவாய, பிறகு எல்ல ஏற்றம். பண்டாரவளையில் மூன்று இரவு. வெலிமடை, நுவரெலியா, ரம்பொடை, கம்பளை இறங்கி, கண்டி நகருக்குள் நுழையாமல் மாத்தளைப் பக்கம் ஒரு இரவு. தம்புள்ளை அல்லது ஹபரணையில் ஒரு இரவு, அங்கிருந்து கந்தளாய் வழியாக வீடு. கண்டி எசல பெரஹரா பெரும்பாலும் ஓகஸ்டில் வரும், அந்த நாட்களில் நகருக்குள் வேனோடு மாட்டினால் அரை நாள் போய்விடும். தலதா மாளிகை பார்க்க வேண்டுமானால் வேனை மாத்தளையில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.

தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். நகருக்கு வெளியே சட்டப்படி மணிக்கு 70 கிலோமீற்றர் போகலாம், நகருக்குள் 50. ஆனால் நாள் முழுக்க ஓட்டினால் சமதரையில் சராசரி 40, மலையில் 20 முதல் 25 என்று வையுங்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஸ்ரியரிங்கில் இருக்க வேண்டிய திட்டம் எதுவும், பிள்ளைகளும் அம்மாவும் உள்ள வேனுக்குச் சரிவராது.

மலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகும் இடம் அதுதான். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்ததும் உங்களுக்கும் செய்தியில் வந்திருக்கும். நான் சொன்ன வழி இந்த இரண்டு வீதியிலும் போகிறது, ஆனால் எல்ல – வெல்லவாய வீதியில் நீங்கள் ஏறுகிறீர்கள், இறங்கவில்லை. வேண்டுமென்றேதான் அந்தத் திசையைச் சொன்னேன். ஏற்றத்தில் என்ஜின் சூடாகும், அவ்வளவுதான், மதிய வெயிலுக்கு முன் ஏறுங்கள், வெப்பமானி முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஓரம்கட்டுங்கள். இறக்கத்தில் பிறேக் சூடாகும், அது வேறு கதை. கட்டில், அலுமாரி, தண்ணீர்த் தாங்கி, ஐந்து பேர் என்று ஏற்றிய வேனை நுவரெலியாவிலிருந்து கம்பளைக்குக் காலால் மட்டும் பிடித்துக்கொண்டு இறக்கினால் பிறேக் திரவம் கொதித்து, மிதிக்க மிதிக்க பெடல் பஞ்சாகக் கீழே போகும். ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள், இரண்டாவது, சில வளைவில் முதலாவது. ஓட்டோ கியர் என்றால் டி-யில் விடாமல் 2 அல்லது எல். பிறேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள், தொடர்ந்து கால் வைத்திருக்க வேண்டாம். கருகிய வாசனை வந்தால் உடனே அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சில்லில் தண்ணீர் ஊற்றவே கூடாது, சூடான உலோகம் விரிசல் விடும். எந்தக் காரணத்துக்காகவும் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் இறக்காதீர்கள். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் இடம் விட்டு ஒதுங்குங்கள், போட்டி வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளை எவ்வளவு சிதைத்தது என்று தெரியும்தானே, அதனால் பண்டாரவளையில் இருக்கும்போதே இறங்கும் வீதி திறந்திருக்கிறதா என்று கெஸ்ட் ஹவுஸ்காரரிடமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இலும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் ஒரு நாள் பொறுங்கள்.

யானை. லகுகல பகுதியிலும், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலும் பின்னேரம் ஆறு முதல் காலை ஆறு வரை வேனை எடுக்கவே வேண்டாம். பகலில் வீதியில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம், பின்னால் எடுக்க இடம் வைத்திருங்கள். உணவு கொடுக்காதீர்கள், வீதியோரம் வாகனங்களை மறித்து நிற்கும் யானைகள் ஆட்கள் கொடுத்துப் பழக்கியவைதான். கேம்பர் வேன்காரர் இதில் கூடுதலாகக் கவனிக்க ஒன்று இருக்கிறது. வேனுக்குள் வாழைக்குலையும் அரிசியும் உப்பும் வைத்துக்கொண்டு காட்டோரமாகப் படுத்தால், வீட்டுச் சுவரையே இடித்து நெல் எடுக்கும் யானைக்கு உங்கள் தகரக் கதவு ஒன்றும் இல்லை.

சரி, வேனுக்கு வருவோம். இங்கே வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய வொக்ஸ்வாகன், ரொயோட்டா ஹையேஸ் வேனின் டொல்பின், கேடிஎச் மாதிரிகள் போன்றவற்றை மாற்றிச் செய்தவை. ஐந்து பேருக்கு ஹையேஸ் அளவுக்குக் குறைந்து எடுக்காதீர்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், எத்தனை பேர் பெல்ற் போட்டு உட்காரலாம் என்று நீங்கள் கேளுங்கள். கட்டில் அடித்ததும் பின் சீற் போயிருக்கும். ஓடும் வேனில் பிள்ளைகள் கட்டிலில் படுத்து வருவது ஆபத்து, ஒரு அவசர பிறேக் போதும். கிழக்குக் கரையில் ஓகஸ்ட் இரவுகள் புழுக்கம், ஆகவே எதிரெதிரே இரண்டு ஜன்னலில் நுளம்பு வலை, ஒரு 12 வோல்ற் விசிறி கட்டாயம். 100 அம்பியர் மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் நம்பலாம், சிறிய கொம்பிரசர் ஃபிரிட்ஜும் விசிறியும் ஒரு இரவு ஓடிவிடும், அதற்கு மேல் வளவில் பிளக் வேண்டும். காஸ் அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள், படுக்கும்போது சிலிண்டர் வாயை மூடுங்கள்.

பத்திரங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: காப்புறுதிச் சான்றில் வாடகைப் பாவனை என்று இருக்க வேண்டும். சொந்தப் பாவனை என்று மட்டும் இருந்தால், விபத்து நடந்த பிறகு காப்புறுதி நிறுவனத்தார் கையை விரிப்பார்கள். வாகனத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் முன் கண்ணாடியில் இருக்கும், திகதியைப் பாருங்கள். ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. ரயரில் பூ, அதாவது வீதியைப் பிடிக்கும் வரிகள், தேயாமல் இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் பழசென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கனடா லைசென்ஸும் அங்கே எடுத்த சர்வதேச அனுமதியும் மட்டும் போதாது, இங்கே அதற்கு ஒரு அங்கீகாரம் எடுக்க வேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசென்ஸ் கொடுக்கும் கருமபீடம் இருக்கிறது, வந்திறங்கியதும் முடித்துவிடுங்கள்.

தானே ஓட்டலாமா என்றால், கரையோரம் முழுக்க ஓட்டுங்கள். மலைப் பகுதிக்கு மட்டும், அந்த வீதிகளில் ஓடிப் பழகிய சாரதி ஒருவரை வெல்லவாயவிலிருந்து மாத்தளை வரை எடுங்கள், அல்லது ஊரில் வேன் ஓட்டும் மச்சான் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு சீற் அவருக்கு வேண்டும் என்பதை வேன் பிடிக்கும்போதே நினைவில் வையுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, இரண்டையும் எல்லோருடைய போனிலும் போடுங்கள்.

யாழ்ப்பாணத்தை இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பத்து நாளும் வீதியில்தான் போகும். அம்மா நல்லூர்த் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்று கேட்டால், அது நியாயமான ஆசை, சுற்றுப்பயணம் முடிந்து வேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருகோணமலையிலிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், படுக்கை வேனோடு போய் அங்கே ஒரு பயனும் இல்லை.