கணிதக் கல்வி ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: கேள்வி பதில்

நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு மேற்கோள் அறிக்கை தயாரிப்பது, அதாவது அவர்கள் கட்டுரைகளைப் பிறர் தங்கள் எழுத்தில் எத்தனை தடவை சுட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக் கொடுப்பது, என் வேலை. கணிதக் கல்வித் துறையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், ஹெச்-இன்டெக்ஸைக் கையாலேயே போட முடியுமா?

முடியும். ஒரு தடவையாவது அப்படிப் போட்டுப் பாருங்கள். குறைந்தது n மேற்கோள் பெற்ற கட்டுரைகள் n இருந்தால், அப்படிக் கிடைக்கும் மிகப் பெரிய n-தான் ஹெச்-இன்டெக்ஸ். உங்களிடம் ஏழு கட்டுரைகள் இருக்கின்றன என்று வையுங்கள். மேற்கோள்களை இறங்குவரிசையில் எழுதினால் 120, 45, 9, 6, 5, 3, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, ஆறாவதற்கு 3தான். ஆகவே உங்கள் ஹெச்-இன்டெக்ஸ் 5. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன கணக்கு இது.

இப்போது அந்த 120ஐ அடித்துவிட்டு 1200 என்று எழுதுங்கள். விடை அப்போதும் 5தான். ஒரே கட்டுரையால் துறையையே திருப்பியவர்களுக்கு இந்த எண் நியாயம் செய்யாது.

கேள்வி: கூகுள் ஸ்காலரில் என் ஹெச்-இன்டெக்ஸ் 14, ஸ்கோப்பஸில் 6. விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

இரண்டுமே மேற்கோள்களை எண்ணும் தளங்கள். இரண்டையும் போடுங்கள், தளத்தின் பெயரோடும் பார்த்த தேதியோடும். எந்தத் தளத்தில் எடுத்தது என்று சொல்லாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஸ்கோப்பஸ் தான் தேர்ந்து சேர்த்த வெளியீடுகளிலிருந்துதான் எண்ணும். ஸ்காலரோ ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, புத்தகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். நம் துறையின் உயிர் பாதி அங்கேதான் இருக்கிறது. கணிதக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்கெம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் புரிந்து கணக்குப் போடுவது வேறு, 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று விதியைப் பிடித்துக்கொண்டு போடுவது வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். 1976இல் அது வந்தது பிரிட்டனில் ஆசிரியர்களுக்காக நடந்த ஒரு இதழில். இன்றுவரை ஓயாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். கணிதச் சிக்கல்களைத் தீர்ப்பது பற்றி ஆலன் ஷோன்ஃபெல்ட் 1985இல் எழுதியதோ ஒரு புத்தகம். ஜர்னல் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் இவையெல்லாம் கையை விட்டுப் போகும்.

ஆனால் ஸ்காலரில் ஒரே கட்டுரை இரண்டு மூன்று தடவை வரும். அதைச் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டு எண்ணை எடுங்கள்.

கேள்வி: என் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் குடும்பப் பெயர்போல. மேற்கோள்கள் சிதறிக் கிடக்கின்றன.

தமிழ்ப் பெயர்களுக்கு வழக்கமாக வரும் தொல்லை இது. முதலில் ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் (ORCID) எண் வாங்குங்கள், இலவசம்தான். இனிமேல் பெயரை ஒரே வடிவத்தில் கொடுங்கள். அப்புறம் ஸ்கோப்பஸில் இரண்டு கணக்குகளையும் இணைக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்புங்கள்.

கேள்வி: எங்களை மதிப்பிடும் குழு ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரைத்தான் கேட்கிறது.

அது ஜர்னலின் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி, உங்கள் கட்டுரையின் மதிப்பு அல்ல. வழக்கமான கணக்கு முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களைத்தான் பார்க்கும். நம் துறையில் ஒரு கருத்து வகுப்பறைக்குப் போய், சோதிக்கப்பட்டுத் திரும்பி வரவே அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். கணிதக் கல்வி ஆய்வாளர் அன்னா ஸ்ஃபார்ட் கணிதக் கருத்துகளின் இரட்டை இயல்பைப் பற்றி (ஒரே கருத்தைச் செய்முறையாகவும் பொருளாகவும் பார்ப்பது) எழுதியது 1991இல். இன்னும் அதன்மேல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆளை எடைபோட ஜர்னல் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடுவது பற்றிய 2012இன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே சொல்கிறது. அதைக் குழுவிடம் தயங்காமல் காட்டுங்கள்.

கேள்வி: இயற்பியல் துறை நண்பரோடு ஒப்பிடலாமா?

வேண்டாம். அதே துறை, அதே அனுபவ ஆண்டுகள் உள்ளவரோடு மட்டும்.

கேள்வி: எண்ணைத் தவிர வேறு என்ன காட்டலாம்?

உங்களை மேற்கோள் காட்டிய இருபது கட்டுரைகளைத் திறந்து, உங்கள் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். ஆறு பெயர்களோடு அடைப்புக்குறிக்குள் வந்துபோனால் அது ஒரு வகை. பின்னங்கள் பற்றிய உங்கள் வினாத்தாளை யாரோ தன் வகுப்பில் கொடுத்து, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று எழுதியிருந்தால் அது வேறு வகை. அப்படி மூன்று கிடைத்தாலும் போதும், அந்த வாக்கியங்களை அப்படியே எடுத்து அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள்.