இரண்டு கிரே, ஒரு ஹால்: எதை அடிப்பது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் புது வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹாலுக்கு இரண்டு கிரே ஷேடு எடுத்து வைத்திருக்கிறோம். கார்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஜன்னல் வடக்கே, தரையில் பாரடைசோ கிரானைட். எதை அடிக்கலாம்?

பதில்: கார்டில்தான் அவை ஒன்று. அனேகமாக எந்த கிரேயிலும் துளி நீலமோ பச்சையோ ஊதாவோ பழுப்போ கலந்திருக்கும்; நாலு சுவரும் அடித்து முடித்த பிறகுதான் அது வெளியே வரும். இரண்டு கார்டையும் வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள், சாயல் பிரிந்து தெரியும். தெரியாவிட்டால் அதே பட்டையில் கீழே உள்ள அடர்ந்த ஷேடைப் பாருங்கள். பெரும்பாலும் அது உண்மையைச் சொல்லிவிடும்.

உங்கள் ஊரில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை வடக்கு ஜன்னலில் கொஞ்சம் வெயில் விழும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வருவது வானத்தின் வெளிச்சம், அதாவது நீலம் கூடிய வெளிச்சம். நீலச் சாயல் கிரே அதில் இன்னும் குளிர்ந்துபோகும். ராத்திரி 6500 கெல்வின் (நீலமடிக்கும் வெள்ளை) டியூப் லைட்டும் போட்டால் ஹால் ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆகிவிடும். அதைவிட மஞ்சள் கூடிய 4000 கெல்வின் பல்பு மாட்டினால் அதே சுவர் வேறு நிறமாகத் தெரியும். அதனால் லைட்டை முதலில் முடிவு செய்யுங்கள்.

தரையையும் மறக்க வேண்டாம். உங்கள் பக்கத்துக் கல்லான பாரடைசோவில் ஊதாவும் ரோஸும் அலையலையாக ஓடும். அதன் பக்கத்தில் சாயலே இல்லாத கிரேகூட லேசாகப் பச்சையடிக்கும். ஆகவே பச்சைச் சாயல் வேண்டவே வேண்டாம். இரண்டில் பழுப்புத் துளி உள்ளது எதுவோ அதை எடுங்கள். இரண்டும் நீலம் என்றால், இரண்டையும் விட்டுவிட்டு வேறு ஷேடு கேளுங்கள்.

சாம்பிளை நேராகச் சுவரில் அடிக்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டு, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயின்ட், சுற்றிலும் வெள்ளை விளிம்பு. காய்ந்ததும் தரையை ஒட்டி நிமிர்த்தி நிறுத்துங்கள். படுக்க வைத்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழும். காலை பதினொரு மணிக்கும், பொழுது சாயும்போதும், லைட் போட்ட பிறகும் பாருங்கள். ஜன்னல் இருக்கும் சுவரில் கட்டாயம் பாருங்கள், ஹாலிலேயே இருட்டு அங்கேதான்.

கடையில் எல்.ஆர்.வி. எண் கேளுங்கள்; ஷேடு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கான அளவு அது, 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. ஒற்றை ஜன்னல் ஹாலுக்கு 55-க்குக் கீழே நான் போக மாட்டேன்.

அப்புறம், “அதே ஷேடை வேற கம்பெனியில கம்மி விலைக்கு அடிச்சுத் தரேன்” என்று பெயின்டர் சொல்வார். கிரேயில் மட்டும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். நூலளவு மாறினாலும் கண்ணில் படும். ஹாலுக்கு வேண்டிய அத்தனை பெயின்டையும் ஒரே நாளில் மெஷினில் கலந்து வாங்கி, வாளிகளை ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கிய பிறகு ரோலரைத் தொடச் சொல்லுங்கள். டச்சப்புக்கு ஒரு லிட்டர் மூடி வையுங்கள்.