நிழல் நிழலாகவே இருக்கட்டும்: எச்.டி.ஆர். படம் பற்றிய கேள்விகள்

கேள்வி: தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தை மூன்று எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) எடுத்து, லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ஒரே எச்.டி.ஆர். படமாகச் சேர்த்தேன். சுவர் ஓரமெல்லாம் வெள்ளையாக ஒளிவட்டம் கட்டி நிற்கிறது. பார்த்தவர்கள் காலண்டர் படம் என்கிறார்கள். (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: எடுத்த விதத்தில் குறையில்லை. சேர்த்த பிறகுதான் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. இதற்கு ஹாலோ என்று பெயர். இருட்டுச் சுவரும் வெளிச்ச வானமும் தொடும் கோட்டில், ஷேடோஸையும் (நிழல் பகுதியின் வெளிச்சம்) கிளாரிட்டியையும் (ஓரங்களின் அழுத்தம்) அளவுக்கு மீறி ஏற்றினால் வந்துவிடும்.

மெர்ஜ் செய்யும்போதே ஆட்டோ செட்டிங்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். முதலில் ஹைலைட்ஸை, அதாவது வெளிச்சப் பகுதியை, இறக்குங்கள். மேகத்தின் வரி தெரிந்ததும் நிறுத்திவிடலாம். அப்புறம் ஷேடோஸ். அது பவளக்கல் சுவர், பக்கத்தில் போய்ப் பார்த்தால் கல் முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். அந்தத் துளைகள் கண்ணுக்குத் தெரியும்வரை ஏற்றுங்கள். ஆனால் துளைக்குள் இருக்கும் கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும். அதுவும் வெளுத்தால் கல் தெர்மகோல் ஆகிவிடும். கடைசியாக பிளாக்ஸை, அதாவது அடர்கறுப்பை, ஒரு துளி இறக்குங்கள்.

கிளாரிட்டி வேண்டுமென்றால் மாஸ்க் போட்டு (படத்தில் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து) சுவரின் நடுப்பகுதிக்கு மட்டும் கொடுங்கள், வானத்தைத் தொடும் ஓரத்துக்கு வேண்டாம். வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே வெளிச்சம் இருக்கும் படத்தை எவரும் நம்ப மாட்டார்கள். உள்ளே நின்று பார்த்தவருக்கு வெளியே கண் கூசியிருக்கும். அந்தக் கூச்சத்தில் கொஞ்சமாவது படத்தில் மிஞ்ச வேண்டும்.

கேள்வி: பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து, 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தை அந்தியில் எடுத்தேன். பாலமும் கலங்கல், கீழே நிற்கும் வள்ளங்களும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. ட்ரைபாட் வைத்துத்தான் எடுத்தேன் சார். (பரமக்குடி வாசகர்)

பதில்: ட்ரைபாட் நிற்கிறது, அதன் கீழே பாலம் நிற்கவில்லையே! பஸ் ஒன்று கடந்தாலே அதிர்வு காலில் தெரியும். போக்குவரத்துக்கும் இடைஞ்சல், கரையில் இறங்கி எடுங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் ட்ரைபாட்டின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும்.

நங்கூரம் போட்டாலும் வள்ளம் ஆடத்தான் செய்யும். அபர்ச்சர், ஐ.எஸ்.ஓ., ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட்டு, ஷட்டர் வேகம் மட்டும் மாறும்படி மைனஸ் 2, 0, பிளஸ் 2 ஸ்டாப் என்று தொடர்ச்சியாகச் சுடுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி). சேர்க்கும்போது, ஆடியவை இரட்டையாகத் தெரியாமல் சரிசெய்யும் டீகோஸ்டை ‘லோ’வில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் ‘ஹை’ வைத்தால், ஆடிய இடங்களில் பெரும்பகுதி ஒரே ஃப்ரேமிலிருந்து வந்து, நிழலில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியலாம்.

நானாக இருந்தால் வள்ளம் உள்ள காட்சிக்கு ஒரே ஒரு ரா ஃபைல்தான் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு). வானம் வெளுக்காத அளவுக்குக் குறைத்து எடுத்து, நிழலை வீட்டில் வந்து ஏற்றுவேன். இப்போதைய கேமராக்களின் சென்சார் அதைத் தாங்கும்.

கேள்வி: என் கடல் படங்களில் எடிட்டிங் அதிகம் என்கிறார்கள். ஆனால் மன்னார் வளைகுடாப் பக்கம் நிறமே அப்படித்தானே? (மண்டபம் வாசகர்)

பதில்: நிறம் அப்படித்தான், உங்கள் பக்கம்தான் நியாயம். எல்லா நிறத்தையும் ஏற்றும் சாச்சுரேஷனைத் தொடாமல், மங்கிய நிறங்களை அதிகம் ஏற்றும் வைப்ரன்ஸை மட்டும் லேசாகக் கூட்டுங்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் என்னை உறுத்தியது நிறமில்லை. அந்தப் படத்தில் இருப்பது மன்னார் வளைகுடா இல்லை, வடக்கே உள்ள பாக் விரிகுடா; வடகடல், பெண் கடல் என்பார்களே, அலையில்லாமல் கண்ணாடியாகக் கிடக்கிறது. அதில் விழுந்த மேகத்தின் பிம்பம் மேலே இருக்கும் மேகத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது! தண்ணீர் தன் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் திருப்பும், கூட்டித் தராது. வானத்தை அதிகமாக இருட்டாக்கியதன் விளைவு இது. வானத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். படம் பொய் என்று பார்ப்பவருக்குத் தோன்றும், காரணம் சொல்லத்தான் தெரியாது.

கேள்வி: போனில் எச்.டி.ஆரை அணைத்துவிடலாமா? (தொண்டி வாசகர்)

பதில்: வேண்டாம். போன் தானே பல ஃப்ரேம்களைச் சேர்த்துக்கொள்கிறது. திரையைத் தொட்டு, வெளிச்சத்தை ஒரு சிட்டிகை கீழே இழுத்துவிட்டு எடுங்கள். மேலே ஃபில்டர் வேண்டாம்.

கேள்வி: வாலிநோக்கம் உப்பளத்தை உச்சிவெயிலில் எச்.டி.ஆரில் எடுக்கலாமா? (சாயல்குடி வாசகர்)

பதில்: தேவையே இல்லை. ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) இரண்டு ஓரங்களிலும் முட்டாமல் நடுவில் அடங்கினால் ஒரு ஃப்ரேம் போதும். உப்பின் வெள்ளையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் பிளஸ் 1 வையுங்கள், வலது ஓரத்தில் முட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.